ஆறு பழைய கணினிகள், ஓர் அட்சரகணித மென்பொருள்

விசுவமடுவில் ஒரு வாசிகசாலையின் பின் அறையில் ஆறு கணினிகள் இருக்கின்றன. வெளிநாட்டில் இருக்கும் ஊரவர் ஒருவர் வாங்கித் தந்தவை, எல்லாம் பழையவை. நான்கு ஜிபி நினைவகம், விண்டோஸ், இணைய இணைப்பு கிடையாது. அவசரத்துக்கு யாராவது ஒருவரின் போனிலிருந்து இணைத்துக்கொள்வோம். சனி, ஞாயிறு பின்னேரங்களில் அங்கே உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். அந்த ஆறிலும் எந்த அட்சரகணித மென்பொருளை ஏற்றுவது என்று முடிவெடுக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. இதே முடிவை எடுக்க வேண்டிய ஆசிரியர்கள் வன்னியில் வேறு பேரும் இருப்பீர்கள் என்பதால், பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

எங்கள் தேவை என்னவென்று முதலில் சொல்ல வேண்டும். பிள்ளை வீட்டில் இருந்து ஒரு தொகையீட்டைச் செய்து முடிக்கிறது. விடை சரியா பிழையா என்று அடுத்த சனிக்கிழமை வரைக்கும் தெரியாது. அதற்குள் அதே பிழையோடு இன்னும் இருபது கணக்குச் செய்துவிடும். பட்டணத்தில் என்றால் பக்கத்து வீட்டில் ஒரு கம்பஸ் பெடியன் இருப்பான், ஓடிப்போய்க் கேட்கலாம். மூங்கிலாற்றிலோ ஒட்டுசுட்டானுக்கு உள்ளேயோ இருக்கிற பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்? கேட்ட உடனே "இது சரி, இது பிழை" என்று சொல்ல ஒன்று வேண்டும். அவ்வளவுதான்.

சாதாரணக் கல்குலேட்டருக்கு 1/3 என்றால் 0.3333. அட்சரகணித மென்பொருளுக்கு 1/3 என்பது 1/3 தான். எழுத்துகளை எழுத்துகளாகவே வைத்துக்கொண்டு விரிக்கும், காரணிப்படுத்தும், வகையிடும், தொகையிடும். மத்தமட்டிகா, மேப்பிள் இரண்டும் இதில் பெயர் பெற்றவை, ஆனால் காசு கொடுத்து வாங்க வேண்டும். "அதுக்கென்ன, கொப்பி அடிச்சது கிடைக்கும்" என்று சொல்லி ஒருவர் பென்டிரைவில் கொண்டுவந்து தந்தார். அதைப் போட்டதில் ஒரு கணினி வைரஸ் பிடித்து ஒரு வாரம் படுத்துவிட்டது. வைரஸ் இல்லாமல் இருந்தாலும் நான் வைத்திருக்க மாட்டேன். பிள்ளைகளுக்கு முன்னால் வைக்கிற பொருள் நேர்மையாக வந்ததாக இருக்க வேண்டும். திறந்த மூல மென்பொருளில் அந்தக் கவலை இல்லை. பிரதி எடுத்து நாளைக்கு மல்லாவிக்கும் கொடுத்துவிடலாம், சட்டப்படியே.

சிலவற்றைச் சீக்கிரமாகவே ஒதுக்கிவிட்டேன். ஒக்டேவ் நல்ல மென்பொருள், ஆனால் அது எண்களோடு வேலை செய்வது. எழுத்துகளோடு வேலை செய்ய அதற்கு ஒரு துணைப் பொதி வேண்டும், அந்தப் பொதியும் உள்ளே, கீழே நான் சொல்லப்போகும் சிம்பையைத்தான் கூப்பிடுகிறது. எண் கோட்பாட்டுக்குப் பிரான்சின் போர்தோவில் பிறந்த பாரி, கூட்டக் கோட்பாட்டுக்கு ஜெர்மனியின் ஆகனில் 1986இல் தொடங்கிய காப் என்று அந்தந்தத் துறைக்கென்றே வளர்ந்தவை இருக்கின்றன. ஆராய்ச்சிக்காரர்களுக்கு அவை பொக்கிஷம். உயர்தரப் பிள்ளைக்கு இப்போதைக்கு வேண்டாம்.

மிஞ்சியவை நான்கு: மாக்சிமா, சிம்பை, சேஜ், எக்ஸ்காஸ்.

சேஜை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை விடத்தான் எனக்கு மனம் வரவில்லை. 2005இல் வில்லியம் ஸ்டைன் தொடங்கியது. ஏற்கெனவே இருக்கிற நல்ல திறந்த மூலக் கணித மென்பொருள்களை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே கொண்டுவந்து, பைதன் என்ற நிரல் மொழியால் பேசவைத்தார்கள். மேலே சொன்ன பாரி, காப் இரண்டும் அதற்குள் இருக்கின்றன. மாக்சிமாவும் இருக்கிறது, சிம்பையும் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கப் போகிறவருக்கு இதைவிட விசாலமான வீடு கிடையாது. ஆனால் அது பல ஜிபி. விண்டோஸில் நேரடியாக ஏறாது, விண்டோஸுக்குள் ஒரு லினக்ஸை நிறுவி அதற்குள் வைக்க வேண்டும். நான்கு ஜிபி நினைவகத்தில் அது மூச்சு வாங்கும். உலாவியில் திறந்து சின்னக் கணக்குகளைப் பார்க்க இணையத்தில் ஓர் இலவசப் பெட்டி வைத்திருக்கிறார்கள், எங்களிடம் இணையம் இல்லை. சரி, சேஜை ஒதுக்கி வைத்துவிட்டு மற்ற மூன்றுக்கும் வருவோம்.

எக்ஸ்காஸ் பிரான்சில் கிரனோபிள் பல்கலைக்கழகத்தின் பெர்னார் பரிஸ் எழுதியது. அதன் உள் இயந்திரத்துக்கு ஜியாக் என்று பெயர். ஜியோஜிப்ரா என்ற கணித மென்பொருளில் அட்சரகணிதப் பகுதியைப் பயன்படுத்தியிருந்தால் உங்களுக்குத் தெரியாமலேயே ஜியாக்கைப் பயன்படுத்தியிருக்கிறீர்கள். அட்சரகணிதம், கேத்திரகணிதம், விரிதாள் எல்லாம் ஒரே சன்னலில் இருக்கின்றன. எதையும் நிறுவாமல் உலாவியிலேயே ஓடும் பதிப்பு ஒன்றும் உண்டு, அதை இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். மிக வேகம், எங்கள் கணினிகளில் அது களைத்து நின்றதே இல்லை. விரிவான உதவிப் பக்கங்களில் பெரும்பகுதி முதலில் பிரெஞ்சில் எழுதப்பட்டது என்பதுதான் எனக்குச் சிரமம். ஆங்கிலத்தோடேயே மல்லுக்கட்டும் பிள்ளைகளுக்கு இன்னொரு மதில் வேண்டாம் என்று நினைத்தேன். பிரான்சில் உறவினர் உள்ள வீடுகள் இங்கே நிறைய, அப்படி யாராவது உட்கார்ந்து தமிழில் ஒரு கைநூல் எழுதித் தந்தால் என் முடிவு மாறக்கூடும்.

ஆக, உண்மையான போட்டி மாக்சிமாவுக்கும் சிம்பைக்கும் இடையில்தான் இருந்தது.

மாக்சிமாவுக்கு வயது அதிகம். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 1968இல் தொடங்கிய மக்சைமா என்ற மென்பொருளின் வழி வந்தது. வில்லியம் ஷெல்டர் என்ற பேராசிரியர் 1982இலிருந்து அதன் ஒரு பிரதியைத் தனியாளாகப் பராமரித்தார். 1998இல் அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்திடம் அனுமதி பெற்று அதை எல்லோருக்கும் திறந்துவிட்டார். 2001இல் அவர் இறந்த பிறகு தன்னார்வலர்கள் ஏற்று நடத்துகிறார்கள். அவர் அந்த அனுமதியைக் கேட்டுப் பெறாமல் இருந்திருந்தால் எங்கள் பின் அறைக்கு இது வந்தே இருக்காது. பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லித்தான் முதல் வகுப்பைத் தொடங்கினேன்.

சிம்பை இளையது. ஒண்ட்ரெஜ் செர்ட்டீக் என்ற மாணவர் தொடங்கிய, பைதனுக்கான நிரல் நூலகம், முதல் வெளியீடு 2007இல். மிகச் சிறியது, சிம்பைப் பொதி மட்டும் என்றால் 6 மெகாபைட் சொச்சம்தான். பைதனையும் சேர்த்துப் பென்டிரைவில் கொண்டுவந்து இணையமே இல்லாமல் நிறுவலாம். முழுவதும் பைதனிலேயே எழுதப்பட்டிருப்பதால் கொஞ்சம் மெதுவாகத்தான் எழும்பும். எங்கள் கணினிகளில் அதைக் கூப்பிட்ட பிறகு பத்து எண்ணும் வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது.

சோதனைக்கு என் பழைய வினாத்தாள்களிலிருந்து கணக்குகளை எடுத்தேன். காரணிப்படுத்தல், பகுதிப் பின்னம், எல்லை, தாயம், வகையீடு இதிலெல்லாம் இரண்டும் ஒரே தரம், சொல்ல ஒன்றும் இல்லை. வித்தியாசம் தெரிந்தது மூன்று இடங்களில்.

முதலாவது, தொகையீடு. எக்ஸ் வர்க்கத்தோடு ஏ என்ற மாறிலியைக் கூட்டி, அதன் நிகர்மாற்றைத் தொகையிடச் சொன்னேன். மாக்சிமா விடை தரவில்லை. ஏ நேரா, மறையா என்று ஒரு வரியில் கேட்டுவிட்டு நின்றது. முன் வரிசையில் இருந்த பிள்ளை திரும்பி, "ரீச்சர், இது எங்களிட்டத் திருப்பிக் கேள்வி கேக்குது" என்றாள். நேர் என்று தட்டச் சொன்னேன், டான் நேர்மாறு வந்தது. திரும்ப ஓட்டி மறை என்று தட்டச் சொன்னேன், மடக்கை வந்தது. ஒரே கணக்கு, ஒரு குறி மாறினால் வேறொரு சார்பு. இதை நான் கரும்பலகையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் வகுப்பு முழுக்க அதைப் பிடித்துக்கொண்டது, ஏனென்றால் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அவர்கள் கையில் இருந்தது. எக்ஸின் சுட்டி கே என்று கொடுத்தாலும் அப்படித்தான், கே என்பது -1 ஆ என்று கேட்கும். சுட்டியை ஒன்றால் கூட்டி அதால் பிரி என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிற பழக்கத்துக்கு இந்த ஒரு கேள்வி நல்ல மருந்து.

சிம்பை அதே இரண்டு கணக்கையும் வேறு விதமாகக் கையாள்கிறது. எக்ஸின் சுட்டி கே என்றால் கேள்வி கேட்காது, இரண்டு நிலைமைகளையும் ஒரே விடையில் தந்துவிடும்: கே -1 இல்லை என்றால் இது, மற்றப்படி மடக்கை. இது நேர்மையான, முழுமையான விடை, எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஏ வரும் கணக்கில், -1/ஏ என்பதற்கு வர்க்கமூலம் போட்டு அதோடு இரண்டு மடக்கைகளையும் கொண்டுவந்து வைத்தது. பிழை இல்லை. சிக்கலெண் வழியாகப் போனால் இரண்டு நிலைமைக்கும் பொருந்தும். டான் நேர்மாறை எதிர்பார்த்திருக்கும் பிள்ளைக்கு அதைப் பார்த்துத் தன் விடை சரியா என்று சொல்லத் தெரியாது. ஏ என்ற எழுத்தை அறிவிக்கும்போதே அது நேர் என்று சொல்லிவைத்தால் டான் நேர்மாறு வரும். ஆனால் அதைச் சொல்ல வேண்டும் என்று தெரிந்த பிள்ளைக்கு இந்தக் கணக்கில் உதவியே தேவைப்படாது.

சேஜில் சுட்டி கே வரும் கணக்கை ஒரு நண்பரின் லப்டொப்பில் போட்டுப் பார்த்தோம். உள்ளே தொகையிடுவது மாக்சிமாதான், ஆகவே அதே கேள்வி எழுகிறது. ஆனால் பதில் சொல்ல வழி இல்லை, மாக்சிமா மேலதிக நிபந்தனை கேட்டது என்று ஒரு பிழைச் செய்தியாக வந்து நின்றுவிடுகிறது. முன்கூட்டியே நிபந்தனையைச் சொல்லிவிட்டுத் திரும்ப ஓட்ட வேண்டும்.

இரண்டாவது இடம், திரிகோணகணிதச் சமன்பாடு. இங்கே சிம்பை தெளிவாக முன்னுக்கு நின்றது. சைன் எக்ஸ் = 1/2 என்பதைத் தீர்க்கச் சொன்னால் மாக்சிமா π/6 என்ற ஒன்றை மட்டும் தருகிறது. நேர்மாறு சார்பைப் பயன்படுத்தியதால் சில தீர்வுகள் விடுபடும் என்று ஓர் எச்சரிக்கையும் கூடவே வருகிறது. எச்சரிப்பது நல்லது, ஆனால் எங்கள் பரீட்சையில் கேட்பது பொதுத் தீர்வு. சிம்பையில் வழக்கமான தீர்க்கும் கட்டளையே π/6, 5π/6 இரண்டையும் தரும். தீர்வுகள் எல்லாவற்றையும் ஒரே தொடையாகத் தரும் இன்னொரு கட்டளையைக் கொடுத்தால், ஒவ்வொன்றோடும் 2π இன் முழுவெண் மடங்குகளைச் சேர்த்துப் பொதுத் தீர்வையே எழுதிக் காட்டுகிறது. திரிகோணகணிதப் பாடம் நடக்கும் வாரங்களில் பிள்ளைகளைச் சிம்பைக்கு அனுப்புகிறேன்.

மூன்றாவது, தட்டச்சுப் பிழைகள். முடிவைத் தீர்மானித்ததில் பாதிப் பங்கு இதற்குத்தான். கொப்பியில் எழுதிய கணக்கைத் திரைக்குக் கொண்டுபோகும் அந்த ஒரு சாண் தூரத்தில்தான் பிள்ளைகள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். பைதனில் 2^3 என்று தட்டினால் 8 வராது, 1 வரும். அங்கே அந்தக் கூரைக்குறி வேறொரு தர்க்கச் செயலுக்கு உரியது, சுட்டிக்கு இரண்டு நட்சத்திரம் போட வேண்டும். 1/3 என்று தட்டினால் பைதன் அதை உடனே தசமமாக்கிவிடும், சிம்பையின் கைக்கு வரும்போது பின்னம் போய்விட்டிருக்கும். பின்னமாகவே வேண்டும் என்றால் தனியாகச் சொல்ல வேண்டும். எக்ஸ் கூட்டல் ஒன்றின் வர்க்கமும் அதன் விரிவும் சமமா என்று இரட்டைச் சமன் குறியால் கேட்டால் இல்லை என்று பதில் வரும். அந்தக் குறி, எழுதப்பட்ட வடிவம் ஒன்றா என்று மட்டும்தான் பார்க்கிறது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துச் சுருக்கி, பூச்சியம் வருகிறதா என்று பார்ப்பதுதான் வழி. இதை ஒரு தடவை விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு சமன் என்றால் என்ன என்பதே புதிதாக விளங்கும், ஆனால் அந்த ஒரு தடவைக்கு ஒரு பின்னேரம் போகும்.

மாக்சிமாவிலும் இப்படிக் குழிகள் உண்டு. π ஐ எழுத முன்னால் நூற்றுவீதக் குறி போட வேண்டும். போடாவிட்டால் அதையும் ஏதோ ஒரு மாறி என்று எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் இருந்துவிடும். பெறுமானம் கொடுக்கச் சமன் குறி கிடையாது, முக்காற்புள்ளி. எங்களைப் போல ஒரு கணினியைப் பலர் மாறி மாறிப் பாவிக்கும் இடத்தில் இன்னொன்றும் நடக்கும். முதல் பிள்ளை எக்ஸுக்கு 3 என்று கொடுத்துவிட்டு எழும்பிப் போய்விட்டான். அடுத்து உட்கார்ந்தவள் எக்ஸ் வர்க்கத்தைத் தொகையிடச் சொன்னாள், மாறி ஓர் எண்ணாக இருக்கக்கூடாது என்று பிழைச் செய்தி வந்தது. தான்தான் ஏதோ பிழையாகச் செய்துவிட்டதாக நினைத்து அரை மணித்தியாலம் பேசாமல் இருந்திருக்கிறாள். அன்றிலிருந்து, உட்கார்ந்தவுடன் எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளையைத் தட்டிவிட்டுத்தான் வேலை தொடங்க வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இவ்வளவும் இருந்தும், 1/3 ஐ 1/3 என்றும் 2^3 ஐ 8 என்றும் எடுத்துக்கொள்கிற மாக்சிமாதான் கொப்பிக்குக் கிட்ட நிற்கிறது.

ஓர் எச்சரிக்கை இரண்டுக்கும் பொது. எக்ஸின் நிகர்மாறைத் தொகையிட்டால் இரண்டும் வெறும் மடக்கை எக்ஸ் என்றுதான் தரும். மட்டுக் குறி இல்லை, எதேச்சை மாறிலி இல்லை. அதை அப்படியே பார்த்து எழுதினால் பரீட்சையில் புள்ளி போகும். மாக்சிமாவில் மட்டுக் குறியை வரவைக்க ஒரு தெரிவு இருக்கிறது, ஆனால் நான் அதைப் போட்டு வைக்கவில்லை. மட்டுக் குறியும் மாறிலியும் பிள்ளையின் கையிலிருந்தே வரட்டும்.

சிம்பைக்காக ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பைதனில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். வாய்க்கால் ஒரு பக்கம், மற்ற மூன்று பக்கமும் வேலி, கையில் 60 மீற்றர் கம்பி, ஆகக்கூடிய பரப்பளவு என்ன என்ற கணக்கைக் கொடுத்தேன். இங்கே தோட்டம் செய்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு அது கணக்கே இல்லை, வீட்டு வேலை. திரையில் அகலம்*(60 - 2*அகலம்) என்று தட்டினோம். வகையிட்டதும் 60 - 4*அகலம் என்று வந்தது. பூச்சியத்துக்குச் சமப்படுத்தினால் 15, பரப்பு 450 சதுர மீற்றர். ஒரு கணினி தமிழில் வகையிட்டுக் காட்டியதை அந்தப் பிள்ளைகள் எழும்பி வந்து நின்று பார்த்தார்கள். நானும்தான்.

அப்புறம் போன். கணினி வாரத்தில் இரண்டு நாள், போன் எல்லா நாளும். மாக்சிமாவுக்கு அண்ட்ரொய்ட் பதிப்பு இருக்கிறது. பைதனை ஓட்டும் செயலிகளில் சிம்பையும் ஓடும். இரண்டையும் ஒரு தடவை டேட்டா போட்டு இறக்கிவிட்டால் பிறகு தேவையில்லை. சின்னத் திரையில் அடைப்புக்குறி தேடித் தட்டுவது எதிலும் கஷ்டம்தான், அதனால் இதில் யாருக்கும் கூடுதல் புள்ளி போடவில்லை.

முடிவு இது: ஆறு கணினியிலும் மாக்சிமா, டபிள்யூஎக்ஸ் மாக்சிமா என்ற சன்னல் முகப்போடு. அதுதான் அன்றாடம். அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்கோ பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ போகும் எண்ணத்தில் இருக்கும் பிள்ளைகளுக்காக ஆறிலும் சிம்பையையும் வைத்திருக்கிறேன். பைதன் ஒரு மொழி, அது கணிதத்தோடு நின்றுவிடாது. உங்களிடம் எட்டு ஜிபி கணினியும் லினக்ஸும் இருந்து, பிள்ளைகள் ஏற்கெனவே பைதன் படித்தவர்களாக இருந்தால் என்னைப் பின்பற்ற வேண்டாம், நேரே சேஜுக்குப் போங்கள். ஒரே ஒரு கணினிதான், அதில் எதையும் நிறுவ அனுமதியும் இல்லை என்றால் உலாவியில் ஓடும் எக்ஸ்காஸ் போதும், தாராளமாகப் போதும்.

சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறோம், பிள்ளைகளே எழுதியது. உட்கார்ந்ததும் பழையதை அழி. π க்கு முன்னால் குறி போடு. மட்டுக் குறியும் மாறிலியும் உன் வேலை. கடைசி வரி அவர்களாகவே பிறகு சேர்த்தது: மெஷின் தந்த தொகையீட்டையும் ஒருக்கால் வகையிட்டுப் பார்.

மாக்சிமா, சிம்பை, எக்ஸ்காஸ் மூன்றும் நிறுவும் கோப்புகளோடு ஒரு பென்டிரைவில் இருக்கின்றன. மாங்குளம், துணுக்காய்ப் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால், சனிக்கிழமை பின்னேரம் வெறும் பென்டிரைவோடு வந்தால் போதும்.